சுண்ணாம்பு ஆகாத வீடு

பாறைமேட்டில் இரண்டு வீடுகளில் மட்டும் வெற்றிலைத் தட்டில் சுண்ணாம்பு இருக்காது. வெற்றிலை இருக்கும், பாக்கு இருக்கும், வாசனைக்கு ஏலக்காய்கூட இருக்கும். சுண்ணாம்பு கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். வாசலில் கல்மாவுக் கோலம் கிடையாது, பச்சரிசி மாவுதான். சுவருக்கு வெள்ளை அடிக்கும் பேச்சே இல்லை. நல்ல காரியம் என்று வந்தால் ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்காமல், குங்குமத்தைத் தண்ணீரில் கலக்கிச் சமாளித்துவிடுவார்கள்.

"இது என்னங்க, உங்க குல வழக்கமா?" என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள்.

"குல வழக்கம் இல்லீங்க, செடி வழக்கம்" என்பாள் மோகனா.

செடி என்றால் புளூபெர்ரிச் செடி. மோகனா வீட்டுப் பின்புறத்தில் ஒன்று. அதற்குக் கீழே சரிவில் இருக்கும் வான்மதி வீட்டு முன்புறத்தில் ஒன்று. கோத்தகிரியைச் சுற்றி ஒரு காலத்தில் இப்படி நாற்பது, ஐம்பது வீடுகளில் இருந்தன. இப்போது மிஞ்சியவை இந்த இரண்டும்தான்.

அந்தச் செடிகள் மோகனாவுக்காகவும் வான்மதியின் கணவன் சுதாகரனுக்காகவும் நட்டவை. இரண்டு பேருக்கும் கல்நோய். அந்த நோய் விரல் நுனியில் தொடங்கும். முதலில் சட்டைப் பொத்தான் போட வராது. பிறகு பேனா நிற்காது. பிறகு மணிக்கட்டு, முழங்கை, நாக்கு. கடைசியில் மூச்சு. உடம்பில் ஊற வேண்டிய ஏதோ ஒரு புரதம் ஊறாமல் நின்றுபோவதால் வருவது என்று கண்டுபிடித்தவர்கள், காட்டு ஓரத்து ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பழத்துக்குள் ஊற வைக்கக் கற்றார்கள். தக்காளியில் முயன்றார்கள், கொய்யாவில் முயன்றார்கள். புளூபெர்ரியில்தான் அது கெடாமல் தங்கியது. மாத்திரையாக்கினால் பயனில்லை, பழமாகத் தின்றால்தான் பலன். ஒரு நோயாளிக்கு ஒரு செடி, அவர் உடம்பை வைத்தே செய்தது. ஒருவர் பழம் இன்னொருவருக்கு வெறும் பழம்.

நிலையம் மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. கட்டடம் ஓட்டலாகிவிட்டது. அங்கே நீச்சல் குளம் இருக்கிறதாம்.

சுதாகரன் காலையில் எழுந்ததும் ஒரு கைப்பிடி பழம் தின்பான். சற்று நேரம் கழித்துக் கண்ணாடி முன் நின்று சட்டைப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போடுவான். கழுத்தருகே இருக்கும் மேல் பொத்தான்தான் கஷ்டம். அது மாட்டிவிட்டால், "இன்னிக்குப் பொழச்சேன்" என்று உரக்கச் சொல்வான். சமையலறையில் வான்மதி அதைக் கேட்ட பிறகுதான் பள்ளிக்குக் கிளம்புவாள். அவள் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை.

செடி லேசில் வளர்வதில்லை. புளிப்பு மண் வேண்டும்; சுண்ணாம்பு பட்டால் அந்தப் புளிப்பு செத்துவிடும். பைன் ஊசிகளை அள்ளி வந்து போட வேண்டும். கார்த்திகை, மார்கழியில் நல்ல குளிர் வேண்டும். குளிர் போதாவிட்டால் மொட்டு கண் திறக்காது. மலைக்கு வந்துகொண்டிருந்த குளிர் எப்போதோ நின்றுபோனதால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஐஸ் பார் வரவழைத்து, உமி கொட்டி, சாக்கில் சுற்றிச் செடியைச் சுற்றி அடுக்குவார்கள். மோகனாவும் வான்மதியும் சேர்ந்தே ஜீப் வைத்துக்கொள்வார்கள். "ஊருலகத்துல மார்கழி மாசம் ஸ்வெட்டர் போடுவாங்க. நாம செடிக்கு ஐஸ் போடறோம்" என்று மோகனா ஒவ்வொரு வருடமும் சொல்வாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு செடி தனியாக நின்றால் காய்க்காது. இன்னொன்றின் மகரந்தம் வேண்டும். ஆகவே இரண்டு வீடுகளும் நன்றாக இருந்தால்தான் இரண்டும் நன்றாக இருக்கும்.

மாசி பிறந்து செடிகள் பூத்திருந்தன. மோகனாவின் மகள் ஆதிரைக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். சேலை எடுக்க மோகனாவும் மகளும் கோயம்புத்தூர் போயிருந்த அன்று, வீட்டைத் தயார் செய்வது தன் பொறுப்பு என்று மோகனாவின் தம்பி வந்து இறங்கியிருந்தான். சமவெளியில் இருப்பவன், நல்ல மனுஷன், எதையும் கேட்டுச் செய்கிற வழக்கம் இல்லாதவன்.

மத்தியானம் திடீரென்று மழை கொட்டியது. வெயில் காலத்தில் வரும் மழைபோல அடித்துப் பெய்துவிட்டு ஓய்ந்தது. வான்மதி பள்ளியிலிருந்து திரும்பியபோது வாசல் முழுக்க ஈரம். கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

செடியின் அடியில் பால் தேங்கி நின்றது.

பால் இல்லை என்பது அடுத்த நொடியில் தெரிந்தது. மேலே பார்த்தாள். மோகனா வீட்டுத் தகரக் கூரை வெள்ளையாக இருந்தது. மழை அடித்த பக்கம் மட்டும் வரிவரியாகக் கரைந்து பழைய தகரம் தெரிந்தது. கூரைத் தண்ணீர் இறங்கும் வாய்க்கால் நிரம்பி, கரையை மீறி, நேராகச் செடியின் பாத்தியில் இறங்கியிருந்தது. மேலே தம்பிக்காரன் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தான்.

"என்னங்க அடிச்சீங்க கூரைக்கு?"

"சுண்ணாம்புதாங்க, டீச்சர்!" என்று உற்சாகமாகக் குரல் கொடுத்தான். "தகரம் என்னமா வேகுது! வர்றவங்க மண்டை வெந்துடுமில்ல? கஞ்சி கலந்து திக்கா அடிச்சேன். மழை வந்து பாதியைக் கொண்டு போயிடுச்சு. நாளைக்கு இன்னொரு கோட்டு அடிச்சிடறேன்."

"வேண்டாம்" என்றாள். மறுபடி சொன்னாள். "வேண்டாங்க. பெயிண்ட் அடிங்க. தயவு செஞ்சு பெயிண்ட்."

அவன் தலையைச் சொறிந்தான். "அக்காவும் பெயிண்டுதான் சொல்லுச்சு. நான்தான் சுண்ணாம்புன்னா ஜில்லுன்னு இருக்குமேன்னு..." என்று இழுத்தான்.

அவள் உள்ளே போனாள். சமையலறையில் ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்து, மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசினாள். பள்ளியில் லிட்மஸ் தாள் தீர்ந்துபோகும்போது பிள்ளைகளுக்கு அவள் செய்து காட்டும் சோதனைதான். துணியைக் கொண்டுவந்து செடியின் அடி மண்ணில் அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள்.

சிவப்பு. நடுவில் தொடங்கி விளிம்பு வரைக்கும் பரவிக்கொண்டே போனது.

பாத்தியில் இன்னோர் இடத்தில் அழுத்தினாள். அங்கும் சிவப்பு. கையால் தோண்டி, அடிமண்ணில் வைத்தாள். அங்கேயும்.

சுதாகரன் வாசற்படியில் வந்து நின்றான். அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தான். "யாருக்கு ஆரத்தி?" என்றான் சிரித்துக்கொண்டே.

அவன் பார்வை துணியிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து மேல்வீட்டுக் கூரைக்கும் போனது. சிரிப்பு போய்விட்டது. படியில் உட்கார்ந்தான்.

"எவ்வளவு தூரம் இறங்கியிருக்கு?"

"வேர் வரைக்கும்."

"தண்ணி விட்டுக் கழுவினா?"

"கழுவினா இன்னும் கீழ இறங்கும். இதோட வேர் முடிமாதிரி, சுண்ணாம்பு பட்டா வெந்துடும். அப்புறம் மண்ணு புளிப்பு போயிட்டா இரும்புச்சத்து ஏறாது. இலை மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். அப்புறம்..."

"வினிகர்?"

"ஊத்தலாம். ரெண்டு மூணு நாளைக்குத் தாங்கும். திரும்பச் சுண்ணாம்பு மேல வரும். கந்தகம் போடலாம், அது வேலை செய்ய ஒரு வருஷம் ஆகும்."

"செடியை எடுத்து, வேரைக் கழுவி, வேற மண்ணுல வெச்சா?"

அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். மணிமணியாகத் தலை கவிழ்ந்து தொங்கிய பூக்களைப் பார்த்தாள். "இப்ப எடுத்தா பொழச்சாலும் பொழைக்கும். பாதிக்குப் பாதி. ஆனா பூ அத்தனையும் கொட்டிடும். இந்த வருஷம் பழம் கிடையாது."

அவன் கணக்குப் போடத் தேவையில்லை. குளிர்பெட்டியில் இருக்கும் பழம் அடுத்த அறுவடை வரைக்கும்தான். அதற்கு மேல் வைத்தாலும் மருந்து செத்துவிடும். பழம் இல்லாமல் அவன் எத்தனை மாதம் தாங்குவான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். செடி பிழைத்து மறுபடி பூக்கும்போது அதைப் பார்க்க அவன் இருக்க மாட்டான்.

"எடுக்காம விட்டா?"

"பூ நிக்கும். காய்க்கும். கடைசிக் காய்."

"எனக்கு மட்டும்தானா வானு?" என்றான் அவன். "இந்தப் பூவுல தூள் எடுத்தாத்தானே மோகனாக்கா செடி காய்க்கும்? இதை இப்பப் பிடுங்கினா அக்காவுக்கும் இந்த வருஷம் இல்லை."

"வேற செடி..."

"எது? ஓட்டல்ல அழகுக்கு வெச்சிருக்கானே, அதுவா?"

"அதோட தூள் ஏறாது" என்று அவளே ஒப்புக்கொண்டாள். "காட்டுச் செடியோட கலந்துடக்கூடாதுன்னு பூட்டுப் போட்டுத்தான் செஞ்சாங்க. இதுங்க ரெண்டும் ஒண்ணுக்கொண்ணுதான். கிளையை வெட்டி நட்டாலும் இலைதான் வரும், மருந்து வராது."

"ரொம்பப் புத்திசாலிங்க" என்றான் சுதாகரன்.

தேங்கியிருந்த வெள்ளைத் தண்ணீர் மெதுவாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"விட்டுடு" என்றான். "காய்க்கட்டும். எனக்கும் ஒரு வருஷம், அக்காவுக்கும் ஒரு வருஷம். அது பொண்ணு கல்யாணத்தைப் பார்க்கட்டும்."

"அவங்ககிட்ட நான் சொல்லத்தான் போறேன்."

"என்னன்னு? உன் தம்பி என் புருஷனைக் கொன்னுட்டான்னா?"

"ஆமா."

"உன்னையும் சேத்துத்தான்னா?"

சுதாகரன் எழுந்து, சிவந்த துணியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "சொன்னா அக்கா நிச்சயதார்த்தத்தை நிறுத்திடும். தம்பி தூக்குல தொங்குவான். அந்தப் பொண்ணு காலத்துக்கும் இதையே சுமக்கும். செடி பொழைக்குமா?"

"பொழைக்காது."

"அப்புறம் எதுக்கு?"

மகரந்தம் மாற்றும் நாளை மோகனா 'சம்பந்தம்' என்பாள். மாசி மாதம் முழுக்க வான்மதியைச் 'சம்பந்தி' என்றே கூப்பிடுவாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன் நடுவில் தூள் இருக்கும் கிண்ணத்தை வைத்து ஒருவர் வீட்டுக்கு ஒருவர் கொண்டு போவது, விளையாட்டாகத் தொடங்கி வழக்கமாகிப் போனது.

இந்த வருடச் சம்பந்த நாளுக்கு வான்மதி பள்ளி ஆய்வகத்திலிருந்து இசைக்கவையைக் கொண்டுவந்திருந்தாள். புளூபெர்ரிப் பூ சும்மா தொட்டால் தூள் கொடுக்காது. தேனீ உள்ளே தொங்கிக்கொண்டு இறக்கையை அதிர வைத்தால்தான் கொட்டும். தேனீக்கள் இந்த மலையை விட்டுப் போய்விட்டன. அதனால் இசைக்கவையைச் செருப்பின் ரப்பர் அடியில் தட்டி, அதிரும்போதே பூக்காம்பில் வைக்க வேண்டும். ம்ம்ம் என்று மெல்லிய ரீங்காரம் வரும். கீழே பிடித்த கரண்டியில் மஞ்சளாகக் கொஞ்சம் தூள் விழும்.

அவள் ஒவ்வொரு பூவாகத் தட்டினாள். கிண்ணத்தின் அடியில் ஒரு சிட்டிகை சேர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பைன் மரங்களும் பூத்திருந்தன. அவற்றின் மகரந்தமும் இதே மஞ்சள். காற்றடித்தால் தரையெல்லாம் படியும். எவ்வளவு வேண்டுமானாலும் வழித்து எடுக்கலாம். கிண்ணத்தில் இருப்பது எது என்று யாராலும் சொல்ல முடியாது. பைன் தூளைப் பூசினால் மேல்வீட்டுச் செடி காய்க்காது.

அந்த நினைப்பு வந்ததும் அவள் கை நின்றது. கூரையைப் பார்த்தாள். அதற்குள் அதன்மேல் வெள்ளி பெயிண்ட் பளபளத்தது. மேல்வீட்டிலிருந்து கலகலவென்று பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கிண்ணத்தை மூடி, தாம்பாளத்தில் வைத்து, எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

"வாங்க சம்பந்தி, வாங்க!" மோகனா வாசலுக்கே வந்துவிட்டாள். "என்ன இந்த வருஷம் கிண்ணம் இவ்வளவு சின்னதா இருக்கு? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இப்படிக் கஞ்சத்தனம் பண்ணா எப்படி?"

"பூவே கொஞ்சம்தான் அக்கா. குளிர் பத்தலை."

"ஏன் முகம் இப்படி வாடிக் கிடக்கு? சுதாகர் ஏதாச்சும் சொன்னானா? சொல்லு, வந்து காதைத் திருகறேன். பொத்தான் போடத் தெரிஞ்சுட்டா பெரிய ஆளா?"

வான்மதி சிரித்தாள். சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

மோகனா தன் செடியின் தூள் வைத்திருந்த கிண்ணத்தைக் கொண்டுவந்து தாம்பாளத்தில் வைத்தாள். நிறைய இருந்தது. அவள் செடி வீட்டுக்குப் பின்னால், மேட்டில். கூரைத் தண்ணீர் அங்கே ஏறாது.

"வீடு ஜில்லுன்னு இருக்குல்ல?" என்றாள், வெற்றிலையை அடுக்கிக்கொண்டே. "தம்பி என்னமோ வெள்ளைப் பெயிண்ட் அடிச்சிருந்தான். அது மழையில போச்சாம். அப்புறம் இந்த வெள்ளி அடிச்சான். பணத்துக்குப் பிடிச்ச கேடு."

இதோ, இப்போது சொல்லிவிடலாம் என்று வான்மதிக்குத் தோன்றியது. வாயைத் திறந்தாள்.

"அம்மா!" என்று உள்ளேயிருந்து ஆதிரை ஓடிவந்தாள், புதுச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு. "வானு சித்தி, இது எனக்கு எடுக்குதா பாருங்க. அம்மா இதுல நான் பூசாரி மாதிரி இருக்கேன்னு சொல்லுது."

"பூசாரி இல்லடி, சாமி மாதிரின்னு சொன்னேன். உலா வர்ற சாமி" என்றாள் மோகனா.

வான்மதி சேலை நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

ஒவ்வொரு வருடமும் மோகனா கீழே வந்து சுதாகரன் செடியில் எத்தனை பூ என்று எண்ணிப் பார்ப்பாள். தன்னுடையதைவிட அதிகம் இருந்தால் சண்டை பிடிப்பாள். இந்த வருடம் வரவில்லை. கல்யாண வேலை என்று வான்மதி நினைத்துக்கொண்டாள். வராததும் நல்லதாகப் போயிற்று.

ஏனென்றால் இலைகள் மஞ்சளாகிவிட்டன. அவள் சொன்னபடியே, நரம்பு மட்டும் பச்சையாக, எலும்புக்கூடு வரைந்தாற்போல. பறவைக்கு வலை கட்டுகிறேன் என்று சொல்லிக் காய் பிடிக்கும் முன்பே பச்சை வலையை இரட்டையாகக் கட்டி மறைத்தாள். காலையும் மாலையும் தண்ணீரில் வினிகர் கலந்து ஊற்றினாள். அவள் விரல்களிலும் முந்தானையிலும் அந்த நெடி ஒட்டிக்கொண்டது. வகுப்பில் ஒரு மாணவி, "மிஸ் ஊறுகாய் போடறாங்க போல" என்று கிசுகிசுத்தது கேட்டது. வாரம் ஒருமுறை மஞ்சள் துணியை மண்ணில் அழுத்திப் பார்த்தாள். முதலில் சிவப்பு குறைவதுபோல இருந்தது. அவளுக்குச் சோறு இறங்கியது. அடுத்த வாரம் பழையபடி சிவந்தது. அதன் பிறகு துணி வைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

சுதாகரன் வலைக்குள் போய்ச் செடியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். "ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறோம்" என்பான்.

கல்யாணத்தைத் தை மாதம் வைக்கலாம் என்றுதான் பேசியிருந்தார்கள். வைகாசிக்கே முன்தள்ளிவிட்டார்கள். "மாப்பிள்ளை வீட்டுல அவசரப்படறாங்க" என்று மோகனா சொன்னாள்.

சித்திரை கடைசியில் பழம் நீலம் பிடித்தது. சுதாகரன் செடியில் சின்னச் சின்னதாக, சுருங்கினாற்போல. பறித்துக் குளிர்பெட்டியில் வைத்தபோது வழக்கமான டப்பாக்களில் பாதி காலியாக இருந்தன. கைப்பிடிக்குப் பதில் அரைக் கைப்பிடி என்று தின்றால் அடுத்த சித்திரை வரை இழுக்கலாம். மோகனா செடி வளைந்து தொங்கக் காய்த்தது. "உன் கஞ்சக் கிண்ணத்துக்கு இவ்வளவு வந்திருக்கு பாரு!" என்று அவள் வேலிக்கு மேலிருந்து கத்தினாள். வான்மதி கையசைத்தாள். கடைசிப் பழத்தைப் பறித்த சில நாட்களில் சுதாகரன் செடியின் இலைகள் உதிர ஆரம்பித்தன.

கல்யாணம் காலையில் கோயிலில் நடந்தது. பொண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்து வந்து ஆரத்தி எடுத்துப் பால் பழம் கொடுக்க வேண்டும். மோகனா கணவனை இழந்தவள். அதனால் ஆரத்தி வான்மதிதான் எடுக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் சொல்லிவைத்திருந்தாள்.

வாசலில் கூட்டம் நின்றது. மாப்பிள்ளை வெயிலில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றான். தம்பிக்காரன் அவனுக்குக் குடை பிடித்தான். "சித்தி, சீக்கிரம், கால் சுடுது" என்றாள் ஆதிரை.

மோகனா உள்ளேயிருந்து தட்டைக் கொண்டுவந்து வான்மதியின் கையில் கொடுத்தாள்.

வான்மதி தட்டைப் பார்த்தாள். குங்குமத் தண்ணீர் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருடமாக இந்த இரண்டு வீடுகளிலும் அதைத்தான் கலக்கியிருக்கிறாள். அடியில் தூள் தங்கி, மேலே வெளுத்துக் கிடக்கும். இந்தத் தண்ணீர் அப்படியில்லை. அடி முதல் மேல் வரை ஒரே சிவப்பு. அந்தச் சிவப்பை அவள் வாராவாரம் துணியில் பார்த்திருக்கிறாள். தட்டின் ஓரத்தில், சரியாகக் கரையாத ஒரு வெள்ளைக் கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தாள். மோகனா மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா..."

"ஒழுங்கா சுத்துடி. எல்லாரும் பார்க்கறாங்க."

வான்மதி சுற்றினாள். கூட்டத்தில் யாரோ பாட ஆரம்பித்தார்கள், பாதியில் வரி மறந்து சிரித்தார்கள். கட்டை விரலைத் தண்ணீரில் நனைத்துப் பெண்ணின் நெற்றியிலும் மாப்பிள்ளை நெற்றியிலும் வைத்தாள். விரலில் வழுவழுவென்று சுண்ணாம்பு. மணமக்கள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்கள். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. வாசலில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"எப்பத் தெரியும்?" என்றாள் வான்மதி.

"கோயம்புத்தூர்ல இருந்து வந்து இறங்கினேன் பாரு, அன்னிக்கே. தம்பி பெயிண்டுன்னான். முகம் சரியில்லை. சுவத்துல வழிஞ்சிருந்ததைத் தொட்டு நாக்குல வெச்சேன். சுர்ருன்னுச்சு." மோகனா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "வாய்க்கால் எங்க இறங்கும்னு எனக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லலை?"

"நீ ஏன் சொல்லலை?"

உள்ளேயிருந்து, "அக்கா, பாலுக்குச் சர்க்கரை எங்க?" என்று தம்பியின் குரல் கேட்டது.

"வர்றேண்டா! மேல் தட்டுல பாரு!" என்று கத்திவிட்டு மோகனா திரும்பினாள். "அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். நீ தாம்பாளத்தைத் தூக்கிட்டு ஏறி வந்தியே, அன்னிக்குக் கிண்ணத்துல என்ன கொண்டு வர்றியோன்னுதான் பார்த்துட்டு நின்னேன். நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியலை வானு." கொஞ்சம் நிறுத்தினாள். "காய் பிடிச்சதும் உள்ள போய் அழுதேன்."

தட்டு கையில் கனத்தது.

"இதை எங்க ஊத்தறது?" என்றாள் கடைசியில்.

குங்குமத் தண்ணீரைக்கூட அவர்கள் வீட்டருகே ஊற்றியதில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், பாறை இடுக்கில் கொட்டிவிட்டு வருவதுதான் வழக்கம்.

"எங்க வேணும்னாலும் ஊத்து" என்றாள் மோகனா. "இனிமே என்ன." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வான்மதி சரிவில் இறங்கினாள். சாலைக்குப் போக வேண்டுமானால் தன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். மேல்வீட்டு விருந்துக்குக் கிளம்பிய சுதாகரன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தான். மோவாயைத் தூக்கிக் கழுத்தருகே எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அரைக் கைப்பிடி தின்னத் தொடங்கிச் சில நாட்கள்தான் ஆகின்றன.

"இரு, நான் போட்டுவிடறேன்" என்றாள்.

"வேண்டாம். வந்துடும். நீ போயிட்டு வா."

வலையைப் போன வாரமே பிரித்துவிட்டார்கள். செடி குச்சிகுச்சியாக நின்றது. ஒரு கிளையில் மட்டும் இரண்டு மூன்று இலைகள் மிச்சம். நடைபாதை அங்கே குறுகல். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் செடி. அவள் தட்டை இரண்டு கைகளாலும் பிடித்து, சுவர்ப் பக்கமாகத் திருப்பி, தண்ணீர் தளும்பாமல் ஒவ்வோர் அடியாக வைத்து, ஒரு சொட்டுகூட அந்த மண்ணில் விழாமல் அதைக் கடந்து போனாள்.